மிச்சமாகும் அந்த ஒரு வருடம்

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கல்லூரி எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். கடிதம் நீளமானது, சுருக்கம் இது:

"நானும் கணவரும் 2003இல் இங்கே வந்தோம். இப்போது குடியுரிமை வாங்கிவிட்டோம். மகளுக்கு 24 வயது. மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். ஃபேமிலி மெடிசினுக்குத்தான் (குடும்ப மருத்துவம்) போவேன் என்று முடிவு செய்தவர்களுக்காக அவள் கல்லூரியில் ஒரு தனித் திட்டம் இருக்கிறது. நான்கு வருட எம்.டி.யை (இங்கே டாக்டர் ஆவதற்கான முதல் மருத்துவப் பட்டமே அதுதான்) மூன்று வருடத்தில் முடித்துவிடலாம். முடித்ததும் அதே கல்லூரியின் ரெசிடென்சியில் (பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் செய்யும் துறைப் பயிற்சி) இடம். அதற்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறாள். கடைசி நாளுக்கு இன்னும் ஆறு வாரம்தான்.

அன்றிலிருந்து கணவர் அவளோடு சரியாகப் பேசுவதில்லை. 'ஒரு வருஷம் குறைச்சுப் படிச்ச டாக்டர்கிட்ட யார் வருவா?' என்கிறார். கோவையில் இருக்கும் கொழுந்தனார், 'அது நம்ம ஊர் வெறும் எம்.பி.பி.எஸ். மாதிரிதான் அண்ணி' என்று அவருக்குப் பின்பாட்டுப் பாடுகிறார். எனக்கு இது நல்லதாகவே படுகிறது. ரெசிடென்சி இடம் உறுதி, ஒரு வருடக் கட்டணமும் மிச்சம். வேண்டுமானால் பின்னால் கார்டியாலஜி படித்துக்கொள்ளலாம் என்று கணவரைச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறேன். நவம்பரில் ஒரு பரீட்சை போய்விட்டது, திரும்ப எழுதிப் பாஸ் செய்துவிட்டாள், அது கிடக்கட்டும். டாக்டர், இந்த மூன்று வருடப் படிப்பு நம்பிக்கையானதுதானா? இந்த வேலைக்கு எதிர்காலம் உண்டா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்து, இங்கே ஃபேமிலி மெடிசின் ரெசிடென்சி செய்து, இப்போது ரெசிடென்ட்களுக்குச் சொல்லித்தரும் வேலையில் இருப்பவள். ஆகவே உங்கள் மகள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே பேசுவேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் உங்கள் வீட்டில் மூன்று பேரிடமும் தவறான எண்ணங்கள் இருக்கின்றன. உங்கள் கணவரிடம் இரண்டு, கொழுந்தனாரிடம் ஒன்று. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களிடமும் இரண்டு. அதில் ஒன்று பெரியது.

கணவரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு வருடம் எங்கே போகிறது?

அமெரிக்காவில் எம்.டி. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான எல்.சி.எம்.இ., படிப்பு இத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. குறைந்தது 130 வாரப் படிப்பு வேண்டும் என்றுதான் சொல்கிறது. மூன்று வருடத்தில் 156 வாரம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், விடுமுறை போகவும் இடமிருக்கிறது. முதல் வருடம் முடிந்ததும் வரும் நீண்ட கோடை விடுமுறையும் நான்காம் வருடத்தின் பெரும்பகுதியும்தான் இதில் வெட்டப்படுகின்றன. உடற்கூறு, மருந்தியல், அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம், மனநலம் என்று எல்லாப் பாடமும் எல்லா வார்டும் அப்படியே உண்டு. மருத்துவ உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ. ஸ்டெப் 1, ஸ்டெப் 2 தேர்வுகளும் மற்றவர்கள் எழுதும் அதே தேர்வுகள்தான். பட்டத்தில் "மூன்று வருடம்" என்று முத்திரை குத்தித் தர மாட்டார்கள். மருத்துவ உரிமம் தரும் மாநில வாரியத்துக்கும் அந்தப் பட்டம் எம்.டி.தான்.

இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்கு டாக்டர்கள் தேவைப்பட்டதால், விடுமுறைகளை ரத்து செய்து மூன்று வருடத்தில் முடித்து அனுப்பினார்கள். 1970களில் டாக்டர் பற்றாக்குறை என்று மத்திய அரசு பணம் கொடுத்ததும் நாட்டின் மருத்துவக் கல்லூரிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மூன்று வருடத் திட்டத்தைக் கையில் எடுத்தது. பத்து வருடத்துக்குள் பெரும்பாலானவை நான்குக்கே திரும்பிவிட்டன. படித்து வந்தவர்கள் மோசமான டாக்டர்களாக இருந்ததால் இது நடக்கவில்லை. அரசுப் பணம் நின்றது ஒரு காரணம். மாணவர்களும் ஆசிரியர்களும் களைத்துப்போனது இன்னொரு காரணம். இந்தக் களைப்பு என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருவேன். கனடாவில் மெக்மாஸ்டர், கால்கரி பல்கலைக்கழகங்கள் அரை நூற்றாண்டாக மூன்று வருடத்தில்தான் டாக்டர்களை உருவாக்குகின்றன. அவர்களிடம் போக யாரும் பயப்படுவதில்லை.

இப்போது நடப்பது அதன் மறுபிறப்பு. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் 2010இல் ஃபேமிலி மெடிசினுக்கென்றே மூன்று வருடத் திட்டத்தை அறிவித்தது. 2013இல் நியூயார்க் பல்கலைக்கழகம் பல துறைகளுக்கும் சேர்த்து ஒன்றைத் தொடங்கியது. அடுத்த வருடம் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம், கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனத்தோடு சேர்ந்து பிரைமரி கேருக்காக, அதாவது நோயாளி முதலில் போய்ப் பார்க்கும் பொது மருத்துவத்துக்காக, ஒன்றைக் கொண்டுவந்தது. விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரி கிரீன் பேயில் ஒரு கிளை திறந்தது. 2019இல் லாங் ஐலண்டின் மினியோலாவில், எல்லா மாணவர்களுக்குமே மூன்று வருடம், கல்விக் கட்டணமும் கிடையாது என்று ஒரு கல்லூரியே வந்துவிட்டது. ஆக, உங்கள் மகள் தனியாக ஏதோ ஒற்றையடிப் பாதையில் போகவில்லை.

உங்கள் கொழுந்தனாருக்கு ஒரு கணக்கு. நம் ஊரில் பிளஸ் டூ முடித்து ஐந்தரை வருடத்தில் எம்.பி.பி.எஸ். டாக்டர் ஆகிவிடலாம், பயிற்சிக் காலமும் அதற்குள் அடக்கம். உங்கள் மகள் நான்கு வருட இளங்கலை, மூன்று வருட எம்.டி., அதற்குமேல் மூன்று வருட ரெசிடென்சி என்று பத்து வருடம் படித்த பிறகுதான் தனியாக நோயாளி பார்ப்பாள். "வெறும்" என்ற சொல்லை அவர் எந்த இடத்தில் பொருத்துகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஃபேமிலி மெடிசின் இங்கே 1969இலேயே தனிச் சிறப்புத் துறையாக அங்கீகரிக்கப்பட்டுவிட்டது. அதற்கென வாரியத் தேர்வு உண்டு. தேர்வு எழுதினால் ஆயுள் முழுக்கப் போதும் என்று இல்லாமல், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுசான்று வாங்க வேண்டும் என்ற வழக்கத்தைத் தொடங்கிவைத்ததே இந்தத் துறைதான். நம் ஊரில் மேற்படிப்பு இடம் கிடைக்காதவர்கள் ஜெனரல் பிராக்டிஸ் பார்ப்பார்கள் என்ற பழைய நினைப்போடு இதைப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. எனக்கும் இங்கே வந்த புதிதில் அந்த நினைப்பு இருந்தது. முதல் வருட ரெசிடென்சியில் ஒரே வாரத்தில் பிரசவம் பார்த்து, ஐ.சி.யு.வில் ராத்திரி டியூட்டி பார்த்து, மறுநாள் மதியம் கிளினிக்கில் எண்பது வயதுப் பாட்டியின் பதினான்கு மாத்திரைகளை வரிசைப்படுத்தி உட்கார்ந்திருந்தபோது அது தானாகவே கழன்றது.

"ரெசிடென்சி உறுதி" என்றால் என்ன?

இங்கேதான் உங்கள் முதல் தவறான எண்ணம். ரெசிடென்சிக்கு இடம் பிடிப்பது "மேட்ச்" என்ற முறையில் நடக்கிறது. மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த பயிற்சி இடங்களை வரிசைப்படுத்துவார்கள், அந்த இடங்கள் மாணவர்களை வரிசைப்படுத்தும், கணினி இரண்டையும் பொருத்தும். மார்ச் மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை முடிவு வரும். அதில் வரும் இடத்துக்குப் போயே ஆக வேண்டும், அது ஒப்பந்தம்.

மூன்று வருடத் திட்டத்தில் கல்லூரி தருவது நிபந்தனையோடு கூடிய இடம். பாடங்களில் தொடர்ந்து தேற வேண்டும், ஸ்டெப் தேர்வுகளைக் குறித்த காலத்துக்குள் பாஸ் செய்ய வேண்டும், நடத்தையில் குறை வரக் கூடாது. அப்புறம், பல கல்லூரிகளில் இந்த மாணவர்களும் மேட்ச் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். இடம் முன்கூட்டியே பேசி வைத்திருப்பதால் வெளியே எங்கும் அலைய வேண்டியதில்லை என்பதுதான் வித்தியாசம். ஆகவே "உறுதி" என்பதை "உறுதி, ஆனால்" என்று திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபேமிலி மெடிசினைப் பொறுத்தவரை இந்த உறுதிமொழி நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய பரிசு இல்லை. 2024 மேட்சில் ஃபேமிலி மெடிசினுக்கு 5,200க்கும் மேற்பட்ட இடங்கள் இருந்தன. அவற்றில் 600க்கும் மேல் நிரம்பவே இல்லை. எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தாலே, அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு மேல் அந்த வருடம் இடம் கிடைத்தது. ஒழுங்காகப் படிக்கும் ஒரு பெண் நான்கு வருடம் படித்துவிட்டு ஃபேமிலி மெடிசின் கேட்டால், நாட்டில் எங்காவது இடம் கிடைக்காமல் போவது அபூர்வம். எலும்பு அறுவையிலோ நரம்பு அறுவையிலோ மூன்றாம் வருட முடிவில் இடம் உறுதி என்றால் அது லாட்டரி. இங்கே அது மழை பெய்யாத ஊரில் குடை இலவசம் என்பதுபோல. குடை நல்லதுதான், அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

வேலையின் எதிர்காலத்தைக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சுருக்கமானது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம், 2036க்குள் நாட்டில் 86,000 டாக்டர்கள் வரை குறையக்கூடும் என்று 2024இல் கணித்தது. பிரைமரி கேரும் அதில் ஒரு பெரிய பங்கு. வேலைக்குப் பஞ்சம் வராது. சம்பளம் கார்டியாலஜிஸ்ட் வாங்குவதில் பாதி அளவுக்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கணவரைச் சங்கடப்படுத்தலாம். வங்கிக் கணக்கைச் சங்கடப்படுத்தாது.

கார்டியாலஜி பற்றி நீங்கள் கொடுத்த வாக்கு

பெரியது என்று சொன்னேனே, அந்த இரண்டாவது எண்ணம் இதுதான். ஃபேமிலி மெடிசின் ரெசிடென்சி முடித்தவர் கார்டியாலஜிக்குப் போக முடியாது. கார்டியாலஜி ஃபெலோஷிப்புக்கு, அதாவது ரெசிடென்சிக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சிக்கு, வாசல் இன்டர்னல் மெடிசின் (பெரியவர்களுக்கான பொது மருத்துவம்). மூன்று வருடம் அது, அதற்குமேல் மூன்று வருடம் இதயம். ஃபேமிலி மெடிசினிலிருந்து விளையாட்டு மருத்துவம், முதியோர் மருத்துவம், வலி தணிப்புச் சிகிச்சை, போதைப் பழக்க மருத்துவம், கூடுதல் மகப்பேறுப் பயிற்சி போன்றவற்றுக்குப் போகலாம். இதயத்துக்குப் போக வேண்டுமானால் இன்னொரு ரெசிடென்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும். முப்பது வயதுக்குமேல், முதல் ரெசிடென்சி முடித்த ஒருவர் அதைச் செய்வதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கணவரிடம் சொன்ன சமாதானத்தை இன்றைக்கே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், புரிகிறது. ஆனால் நான்கு வருடம் கழித்து "இப்போ கார்டியாலஜி அப்ளை பண்ணலாமே" என்று அவர் கேட்கும்போது மகள் முகத்தைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

இந்த விஷயத்தின் மையமும் இதுவேதான். மருத்துவக் கல்லூரியில் சேரும்போது மனதில் வைத்திருக்கும் துறையிலேயே பட்டம் வாங்கும்போதும் நிற்பவர்கள் குறைவு. பெரும்பாலானோர் மாறிவிடுகிறார்கள். குழந்தை மருத்துவர் ஆவேன் என்று வந்த பையனுக்கு மூன்றாம் வருட ரொட்டேஷனில் (துறை துறையாகச் சுற்றிவரும் வார்டுப் பயிற்சி) அறுவை அரங்கு பிடித்துப்போகும். நான்காம் வருடம் பாடத்துக்காக வைத்ததைவிட, தேர்ந்தெடுப்பதற்காக வைத்தது என்பேன். எலக்டிவ் என்ற விருப்பப் பாடம் எடுத்துப் பார்க்கலாம், வேறு ஊர் மருத்துவமனையில் ஒரு மாதம் இருந்து பார்க்கலாம், நேர்முகங்களுக்குப் போகலாம். ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டவருக்கு அந்த வருடம் பெரும்பாலும் உபரி. அவர் அதைச் சேமிப்பது புத்திசாலித்தனம். இன்னும் தேர்ந்தெடுக்காதவருக்கு அது நான்கு வருடத்திலேயே விலை அதிகமான வருடம்.

உங்கள் மகள் எந்த வகை? கடிதத்தில் அது இல்லை. கட்டணம், கொழுந்தனார், கணவரின் மௌனம் எல்லாம் விரிவாக இருக்கின்றன. அவள் ஏன் ஃபேமிலி மெடிசின் கேட்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டுப் பாருங்கள். "ஒரு வருஷம் சீக்கிரம் முடியும்மா" என்பது முதல் காரணமாக வந்தால் நான் தயங்குவேன். கிளினிக்கில் பார்த்த ஒரு குடும்பத்தைப் பற்றியோ, அங்கே ஒரு டாக்டர் நோயாளியிடம் பேசிய விதத்தைப் பற்றியோ பேச ஆரம்பித்தால், நீங்கள் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

"அது கிடக்கட்டும்" என்று விட்ட பரீட்சை

கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அதுதான். ஒரு பரீட்சையில் போவது பெரிய குற்றமில்லை. முதல் வருடத்தில் நிறையப் பேருக்கு நடக்கும், நான் இரண்டாம் வருடத்தில் மருந்தியலில் போனவள். ஆனால் திரும்ப எழுதுவதற்கு நான்கு வருடத் திட்டத்தில் இடைவெளி உண்டு. மூன்று வருடத் திட்டத்தில் அந்த இடைவெளியைத்தான் எடுத்துவிடுகிறார்கள். கோடையில் மூச்சு வாங்க முடியாது. ஒரு பாடம் சறுக்கினால், அதைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து நிற்கும். 1970களின் களைப்பு என்று சொன்னது இதைத்தான்.

நவம்பரில் என்ன நடந்தது என்று விசாரணை மாதிரி இல்லாமல் கேளுங்கள். புதுப் படிப்பு முறைக்குப் பழகும்வரை வந்த தடுமாற்றமா? உடம்பு சரியில்லையா? தூக்கமில்லையா? யாரோடாவது மனவருத்தமா? முதலாவது என்றால் அதற்குப் பிந்தைய மதிப்பெண்களே பதில் சொல்லும். மற்றவை என்றால், வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னால் அதைக் கவனிக்க வேண்டும். அநேகமாகக் கல்லூரியும் விண்ணப்பத்தில் இதைக் கேட்கும். அவளுடைய கல்வி ஆலோசகரிடம் இப்போதே வெளிப்படையாகப் பேசுவது நல்லது.

ஆறுதலான ஒன்றும் உண்டு. இந்தத் திட்டங்கள் ஒருவழிப் பாதை இல்லை. சுமை தாங்கவில்லை என்றாலோ மனம் மாறினாலோ நான்கு வருடப் படிப்புக்கு மாறிக்கொள்ள வழி வைத்திருப்பார்கள். அது தோல்வியாகக் கருதப்படுவதும் இல்லை. ஆனாலும் ஒரு சின்ன முள் இருக்கிறது. ஸ்டெப் 1 2022 ஜனவரியிலிருந்து பாஸ், ஃபெயில் மட்டும்தான். ஸ்டெப் 2க்கு மதிப்பெண் உண்டு. அவசரத்தில் எழுதிக் குறைந்த மதிப்பெண் வந்தால் ஃபேமிலி மெடிசினுக்கு அது பெரிய பொருட்டில்லை. மனம் மாறி வேறு துறைக்குப் போட்டியிடும்போது அந்த எண் கூடவே வரும்.

பணம்

ஒரு வருடக் கட்டணம், வாடகை, சாப்பாடு மிச்சம். ஒரு வருடம் முன்னதாகவே முழுச் சம்பளம். கடனோடு வெளியே வரும் மருத்துவ மாணவர்கள் சராசரியாக 2 லட்சம் டாலரை ஒட்டிச் சுமக்கிறார்கள், வட்டி 8, 9 சதவீதத்தை ஒட்டி ஓடுகிறது. எனவே இது சின்னத் தொகை இல்லை.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் இதை இன்னும் முக்கியமாக்கிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுக்கும் மருத்துவ மாணவர்களுக்கு படிப்புச் செலவு முழுவதற்கும் வாங்க முடிந்த கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. கட்டணம் அதைவிட அதிகமுள்ள கல்லூரிகளில் மீதிக்குத் தனியார் வங்கிக்குத்தான் போக வேண்டும். ஏற்கெனவே கடன் எடுத்துப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சில வருடங்களுக்குப் பழைய விதி தொடரும். உங்கள் மகளுக்கு எது பொருந்தும், திட்டம் மாறினால் அது மாறுமா என்று கல்லூரி நிதி உதவி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கடன் அடைக்க பிரைமரி கேர் டாக்டர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் வேலை பார்த்தால் தேசிய சுகாதார சேவைப் படை கடனில் ஒரு பங்கை அடைக்கும், அதற்கு உங்கள் மகளுக்குக் குடியுரிமை இருக்க வேண்டும். லாப நோக்கற்ற மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே 120 மாதத் தவணை கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்யும் மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது. ரெசிடென்சி வருடங்களும் அந்தக் கணக்கில் சேரலாம். ஆகவே பணத்துக்காக மட்டும் அவள் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை.

டீன் அலுவலகத்தில் கேட்க வேண்டியவை

இவற்றை நீங்கள் கேட்க வேண்டாம், மகள் கேட்கட்டும். இருபத்து நான்கு வயதுப் பெண்ணுக்காக அம்மா டீனுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அது அவளுக்கு நல்லதில்லை.

- கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை பேர் இந்தத் திட்டத்தில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நான்கு வருடத்துக்கு மாறினார்கள், ஏன்? எண்ணிக்கையைச் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.
- நான்குக்கு மாறினால், வாங்கிய உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டுமா?
- முடித்தபின் இத்தனை வருடம் இந்த மாநிலத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம் உண்டா?
- ரெசிடென்சி இடத்துக்கான நிபந்தனைகள் எழுத்தில் இருக்கின்றனவா? அந்த மருத்துவமனைக்கே ஏதாவது ஆனால்? சும்மா பயமுறுத்தவில்லை. 2019இல் பிலடெல்பியாவின் ஹானமன் மருத்துவமனை திவாலாகி மூடியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரெசிடென்ட்கள் நடுவழியில் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.
- ஸ்டெப் 2க்குப் படிக்கத் தனியாக எத்தனை வாரம் தருகிறார்கள்?

இதோடு அவள் இன்னொன்றும் செய்ய வேண்டும். அந்த ரெசிடென்சியின் கிளினிக்கில் இரண்டு மூன்று நாள் போய் உட்கார்ந்து பார்க்கட்டும், அங்கே இரண்டாம் வருடத்தில் இருக்கும் ரெசிடென்ட் ஒருவரோடு தனியாக ஒரு காபி குடிக்கட்டும். மூன்று வருடம் படிக்கப் போவது கல்லூரியில் என்றாலும், அவள் உண்மையில் தேர்ந்தெடுப்பது அந்தக் கிளினிக்கை. கல்லூரி மூன்று, ரெசிடென்சி மூன்று என்று ஆறு வருடம் ஒரே ஊர். மற்றவர்கள் மேட்சில் நாடு முழுக்கப் பார்த்து ஊர் மாறலாம், அவளுக்கு அது இல்லை. அவளுக்கு நெருக்கமான யாராவது வேறு ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தால் இது இன்னும் முக்கியம். இருவரும் ஜோடியாக மேட்சில் விண்ணப்பிக்கும் வசதி உண்டு, அவள் இடம் முன்னாலேயே முடிவாகிவிட்டால் அதைப் பயன்படுத்துவது கடினம். இதை உங்களிடம் அவள் சொல்லாமலும் இருக்கலாம்!

போகிற போக்கில், இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கரீபியன் தீவுக் கல்லூரிகளில் சிலவும் "வேகப் படிப்பு" என்று விளம்பரம் செய்கின்றன. பெயர்தான் ஒன்று. அங்கே ரெசிடென்சி பேசி வைத்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பும் அமெரிக்கக் குடிமக்களில் மூன்றில் ஒருவருக்கு மேட்சில் இடம் கிடைப்பதில்லை. இளங்கலையையும் எம்.டி.யையும் சேர்த்து ஏழு வருடத்தில் தரும் படிப்புகளும் வேறு, அவற்றில் பெரும்பாலும் சுருக்கப்படுவது இளங்கலைதான். மூன்றையும் ஒரே கூடையில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் கணவர். அவரோடு வாதம் செய்யாதீர்கள். கடிதத்தின் கடைசியில், அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, பத்து வருடமாக ஒரே டாக்டரிடம்தான் போகிறார், "அவர் சொன்னால்தான் கேட்பார்" என்று வேறு ஒரு பேச்சில் எழுதியிருக்கிறீர்கள். அந்த டாக்டரின் பெயர்ப் பலகையில் என்ன துறை போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஃபேமிலி மெடிசினாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படி இருந்தால், அடுத்த முறை சோதனைக்குப் போகும்போது மகளையும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அந்த டாக்டர் எத்தனை வருடம் எம்.டி. படித்தார் என்று உங்கள் கணவர் இதுவரை கேட்டிருக்க மாட்டார்.

என் கருத்தைக் கேட்டால்: ஃபேமிலி மெடிசின்தான் என்று அவளுக்குத் தெளிவாக இருந்து, நவம்பருக்குப் பிந்தைய மதிப்பெண்கள் சீராக இருந்தால், விண்ணப்பிக்கட்டும். இரண்டில் ஒன்று ஆட்டம் கண்டாலும் நான்கு வருடமே படிக்கட்டும். அதே ஃபேமிலி மெடிசின் ஒரு வருடம் கழித்தும் அங்கேயேதான் இருக்கும், அப்போதும் இடம் காலியாக இருக்கும்.

இந்தப் பதிலை அவளுக்கு அனுப்புங்கள், பரீட்சை பற்றிய பகுதியையும் சேர்த்தே. நீங்கள் எனக்கு எழுதியது அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். கொஞ்சம் கோபப்படுவாள், பரவாயில்லை. ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் கிளினிக்கில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, விரும்பினால் அவளே எனக்கு எழுதட்டும், ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி.